எம்-புக் வீதி உலா

நேற்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதுவும் நான் செய்து கொடுத்த பேவர் பிளாக் மேலேயே நிற்க வைத்து. புதுத்தெருத் திறப்பு விழா. கவுன்சிலர் ரிப்பன் வெட்டி முடித்ததும் காண்ட்ராக்டர் தம்பி மைக்கை வாங்கி, "இந்தக் கல்லு அத்தனையும் தரமாச் செஞ்சு, சொன்ன தேதிக்கு எறக்கிக் குடுத்த எங்கண்ணனுக்கு ஒரு மரியாதைங்க" என்று சொல்லி, சரிகைக் கரை போட்ட சால்வையைத் தோளில் போட்டார். தெருவே கைதட்டியது. அந்தக் கல்லுக்கு உண்டான ஆறு லட்சத்துச் சொச்சம் இன்னும் வந்தபாடில்லை. கும்பிட்ட கையோடு கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கேசரியை ஊட்டிவிட்டார். போட்டோகிராபர் அதைத்தான் எடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சால்வையில் விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறது: 180 ரூபாய். பாக்கியில் கழிப்பதா, அன்பளிப்பில் சேர்ப்பதா என்று ஆடிட்டரைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கொதிப்பு அடங்குவதற்குள் உருப்படியாக ஒன்று எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். அரசாங்க வேலைக்குச் சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைகிறவர்கள் சட்டப்படி வசூல் செய்வது எப்படி? எந்த மனு, எந்தப் பிரிவு, எத்தனை நகல், முதலில் எங்கே, பிறகு எங்கே? எல்லாவற்றையும் படிப்படியாகச் சொல்லிவிடப் போகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி, பாக்கி இருப்பதை வாங்கியவருக்கு நினைவூட்டுவது. நாம் எப்படி நினைவூட்டுவோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"தம்பி, நல்லா இருக்கறீங்களா?"

"நல்லா இருக்கறனுங்ண்ணா."

"அப்பாவுக்கு சுகரு இப்பப் பரவால்லீங்களா?"

"பரவால்லீங்ண்ணா. சொல்லுங்க, அந்த பில்லு விசயமுங்களா?"

"அய்யய்யோ, அதுக்கில்லீங் தம்பி. சும்மாதான் கூப்டேன்."

அவர் பில் என்ற வார்த்தையை எடுத்துக் கொடுத்தும் நான் மறுக்கிறேன் பாருங்கள். கொடுக்க வேண்டியவர் கூச்சமில்லாமல் பேசுகிறார், வாங்க வேண்டியவனுக்குக் காது மடல் சிவக்கிறது. போனை வைத்த பிறகு வீட்டுக்காரி கேட்கிறாள்: "என்ன சொன்னாரு?" "அவங்கப்பாவுக்குச் சுகர் குறைஞ்சிருக்குதாம்."

சட்டத்துக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. 2006ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தால் ஏதோ நம் பங்காளி எழுதியது போல இருக்கும். 15ஆம் பிரிவு: எத்தனை நாளில் பணம் என்று நீங்கள் எப்படி எழுதி வாங்கிக்கொண்டாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. 16ஆம் பிரிவு: தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் வட்டிக்கு வட்டி. 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் அந்த ரேட் 6.75 சதவீதம் இருந்தது. மூன்று மடங்கு என்றால் 20.25. இதை ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தம்பியிடம் சொன்னேன். "ஏனுங்ண்ணா, கந்துவட்டிக்காரனாட்டப் பேசறீங்க" என்று மனம் நொந்துவிட்டார். பாராளுமன்றம் நிறைவேற்றிய வட்டிக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு வந்தாத்தானுங்ண்ணா உங்களுக்கு" என்பது தம்பியின் சட்டம். சிமென்டுக்காரருக்கும் கம்பிக்காரருக்கும் லேபர் கேங்குக்கும் அது ஒன்றேதான். நாடாளுமன்றச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். மாநகராட்சி கொடுக்கவில்லை என்பது காண்ட்ராக்டருக்கும் மாநகராட்சிக்கும் உள்ள விவகாரம். என்னிடம் வாங்கியவர் காண்ட்ராக்டர். ஆனால் மாநகராட்சி ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டீர்களானால், கேட்காமல் இருந்தாலே நல்லது, எம்-புக் வந்துவிடும்.

எம்-புக். மெஷர்மென்ட் புக். இன்ஜினியர் டேப்பைப் பிடித்து நீளம், அகலம், கனம் அளந்து எழுதுகிற தடித்த அட்டை நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடித்திருக்கும். ஒரு தாளைக் கிழிக்க முடியாது. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அதில் ஏறாத கல் பூமியில் இல்லாத கல். தெருவில் நீங்கள் அதன்மேல் தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாலும், எம்-புக்கில் ஏறாதவரை அந்தக் கல் கிடையாது, அநேகமாக உங்கள் முட்டியும் கிடையாது.

இந்த எம்-புக் ஆபீசில் இருக்கும் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். ஆபீசில் இருப்பது மூலவர், அதாவது ரிஜிஸ்டரில் எம்-புக்கின் நம்பர். எம்-புக் உற்சவர். அது எப்போதும் புறப்பாட்டில் இருக்கும். காலையில் ஜே.இ.யின் டூவீலர் டேங்க் கவரில் எழுந்தருளி சைட்டுக்குப் போகும். மதியம் காண்ட்ராக்டரின் வெள்ளை இன்னோவாவில் டேஷ்போர்டு மேல் வெயில் காய்ந்தபடி சேவை சாதிக்கும். இந்த வாகனம் அந்த வாகனம் என்று பேதம் கிடையாது. ஒருநாள் ஷேர் ஆட்டோவில்கூடப் பார்த்தேன், டிபன் கேரியருக்கும் ஒரு கட்டு வெங்காயத்தாளுக்கும் நடுவே. வழிநெடுக மண்டகப்படி. ஜே.இ. மேஜையில் ஒன்று, ஏ.இ.இ. மேஜையில் ஒன்று, இ.இ. செக் மெஷர்மென்ட் பண்ணும் மண்டகப்படி தனி. அப்புறம் கணக்குப் பிரிவு, தணிக்கை, கமிஷனர் கையெழுத்து. ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஓர் உபயதாரர் வேண்டுமா வேண்டாமா என்றால், அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று வக்கீல் சொல்லச் சொல்லியிருக்கிறார். ஊர்வலம் நிற்கிற இடத்தில் நிற்கும், நகர்கிற நேரத்தில் நகரும். நீங்கள் வாசலில் தேங்காய் பழத்தட்டோடு நிற்கலாம். சுவாமி நம் தெருவுக்கு எப்போது வரும் என்று யாரையும் கேட்க முடியாது, கேட்டால் "வந்துட்டே இருக்குது" என்பார்கள். மேளம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த மேளம்தான் தம்பியின் காலர் டியூன். நடுவில் இன்ஜினியருக்கு மாறுதல் வந்தால் தீர்ந்தது கதை. புது இன்ஜினியர் "நான் அளக்காத கல்லுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்பார். நியாயம்தான். மறுபடி டேப், மறுபடி கொடியேற்றம். தேர்தல் நடத்தை விதி வந்தால் சுவாமி பள்ளியறைக்குப் போய்விடுவார். எல்லாம் முடிந்து சந்நிதி திறந்தால் மார்ச் 31, கூட்டமோ கூட்டம். தீர்த்தம் கிடைப்பவர்களுக்குக் கிடைக்கும். மீதிப் பேருக்கு "ஃபண்டு இல்லீங்க, அடுத்த வருசம்". அடுத்த வருசம் என்றால் ஏப்ரல் 1 என்று அப்பாவியாக நினைத்துவிடாதீர்கள்.

எங்கேயோ போய்விட்டேன். உற்சவரை விட்டு இறங்குகிறேன். சட்டப்படி அந்த நோட்டு எந்த வாகனத்தில் போனாலும் எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல வந்தேன்.

எரிச்சல் என்னவென்றால், இன்னொரு பக்கத்தில் அரசாங்கம் சுறுசுறுப்பாக இருக்கிறது. கல் இறங்கிய மாதமே பில் போட்டேன். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நான் கட்டியாக வேண்டும், கட்டினேன், ஒருநாள் தாமதமென்றாலும் அதற்கு வட்டி. அதாவது அரசாங்கம் எனக்கு வந்து சேராத அரசாங்கப் பணத்துக்கு என்னிடம் வரி வாங்கிக்கொண்டது. காண்ட்ராக்டர் அந்த வரியை உள்ளீட்டு வரவு என்று எடுத்துக்கொண்டார். 180 நாளுக்குள் எனக்குப் பணம் கொடுக்காவிட்டால் அவர் எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்கிறது. அவரிடம் இதையும் ஒருமுறை மெதுவாக எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாருங்ண்ணா" என்றார். அவருடைய ஆடிட்டர் நிஜமாகவே பார்த்துக்கொள்கிறவர். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்து, குறு, சிறு தொழிலுக்குக் காலத்தில் கொடுக்காத பாக்கியைச் செலவாகக் காட்ட முடியாது என்று ஆனதல்லவா? 2024 மார்ச்சில் அந்த ஆபீசிலிருந்து ஒரு பிள்ளை போன் செய்தது. பணம் வருகிறதாக்கும் என்று எழுந்து நின்றே பேசினேன். "அங்கிள், உங்க உத்யம் ரிஜிஸ்ட்ரேசனைக் கேன்சல் பண்ணிக்க முடியுங்களா?" என்று கேட்டது. எத்தனை மரியாதையான குரல்.

எனக்காவது உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருக்கிறது, கேன்சல் செய்யச் சொல்லிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறது. எனக்குச் சிமென்ட் தரும் கடைக்காரருக்கு அதுவும் இல்லை. 2021இல் வியாபாரிகளுக்கும் உத்யம் கொடுத்தார்கள், ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். பாக்கி வசூலுக்கு அந்தச் சட்டம் அவரைச் சேர்க்காது. ஆகவே அவர் சட்டம் எதையும் நம்பாமல் ரொக்கம் கேட்கிறார். மூட்டை இறங்குமுன் கேட்கிறார். நானும் கூச்சமில்லாமல் கொடுக்கிறேன்.

டெண்டர் எடுக்கும்போது காண்ட்ராக்டர் மாநகராட்சிக்கு ஈ.எம்.டி. கட்டுகிறார், செக்யூரிட்டி டெபாசிட் கட்டுகிறார், ஒவ்வொரு பில்லிலும் ஒரு பிடித்தம் வேறு. எல்லாம் வேலை கெட்டுப்போனால் துறை நஷ்டப்படக் கூடாது என்பதற்கு. அமெரிக்காவில் 1935இலேயே மில்லர் சட்டம் என்று ஒன்று போட்டு, மத்திய அரசின் கட்டட வேலை எடுப்பவர் சரக்குக் கொடுப்போருக்கும் கூலிக்காரர்களுக்குமாகச் சேர்த்து இன்னொரு பத்திரம் கொடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அரசுச் சொத்தைக் கடனுக்கு ஜப்தி செய்ய முடியாதல்லவா, அதற்குப் பதிலாக. பணம் வராவிட்டால் 90 நாள் பொறுத்துவிட்டு அந்தப் பத்திரத்தின் மேல் வழக்குப் போடலாம். இங்கே துறைக்குப் பயம் வந்தால் பேங்க் கேரண்டி, எனக்குப் பயம் வந்தால் குலதெய்வம்.

சரி, வக்கீலிடம் போனேன். நல்ல மனிதர். பைலைப் புரட்டியபடியே வழிகளை அடுக்கினார். வசதியாக்கக் கவுன்சிலில் 18ஆம் பிரிவில் மனு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே போட்டிருக்கிறது. (மனுப் போட்ட பக்கத்து யூனிட்காரர் முன்னால் இந்த 90 என்ற எண்ணை யாரும் உச்சரிப்பதில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.) தீர்ப்பு வந்தால், எதிர்த்து மனுப் போடுபவர் முக்கால் பங்குத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் கோர்ட் வாசலை மிதிக்க முடியும். காண்ட்ராக்ட் பத்திரத்தில் ஆர்பிட்ரேஷன் என்று போட்டிருந்தாலும் இந்தச் சட்டம்தான் மேலே நிற்கும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. கேட்கக் கேட்க நெஞ்சு நிமிர்ந்தது.

"காலக்கெடு ஒண்ணுதான் பாக்கணும்" என்றார். "சரக்கு எறக்குன நாள்ள இருந்து மூணு வருசம். போயிடுச்சுன்னா சூட் நிக்காது. நடுவுல ஏதாச்சும் குடுத்தாருங்களா?"

"தீபாவளிக்கு ஒரு பத்தாயிரம் குடுத்தாருங்க. செக்கா."

வக்கீல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "செக்கா! கையெழுத்துப் போட்டு! லிமிடேஷன் ஆக்ட் 19ஆம் பிரிவுங்க. அந்த தேதில இருந்து புதுசா மூணு வருசம் கெடச்சிருக்குது!"

கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மகிழ்ச்சியைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீஸ் பையன் காபி கொண்டுவந்தான். பாதி காபி குடித்த பிறகுதான் உறைத்தது: நான் கேட்டது பணம். கிடைத்தது அலைவதற்கு இன்னும் மூன்று வருடம். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பத்தாயிரம் என்று தம்பி கொடுத்துக்கொண்டே வந்தால் இந்த வழக்கை என் பேரன்கூடப் போடலாம்.

நோட்டீஸ் டிராப்ட் தயார். மேஜை மேல்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு குறி வைத்திருக்கிறார் வக்கீல். இனி மனுவோடு இணைக்க வேண்டியவற்றுக்கு வருவோம்: பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், இ-வே பில், உத்யம் சான்று...

மன்னிக்கவும், போன். தம்பிதான்.

"ஏனுங்ண்ணா, நேத்து போட்டோ பாத்தீங்களா? சூப்பரா விழுந்திருக்கறீங்க."

"பாத்தனுங் தம்பி. வந்து, அந்த..."

"அண்ணா, ஒரு அவசரமுங்க. பக்கத்து வார்டுல நாலு தெரு எடுத்திருக்கறேன். நாளைக்கிக் காலைல மொத லோடு எறங்கோணும். உங்க கல்லுதான் வேணும்னு இன்ஜினியரே சொல்லிப்போட்டாரு."

"அது செரிங் தம்பி, பழைய..."

"எம்-புக்கு கமிஷனர் டேபிளுக்குப் போயிருச்சுங்ண்ணா. இந்த வாரம் வந்துரும்."

கமிஷனர் டேபிள் வரைக்குமா! இதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லையே.

"கனம் எவ்வளவுங் தம்பி? அறுபதா, எம்பதா?"