மாமாவிடம் கேளுங்கள்: ஸ்கிரிப்டிலிருந்து ஒரு கூப்பாடு

மாணவர், மந்தைவெளி: மாமா, பைத்தான் தெரிந்தவன் எதற்கு இன்னொரு ப்ரோக்ராமைக் கூப்பிட வேண்டும்? எல்லாவற்றையும் தானே எழுதினால் என்ன?

எழுதேன், தம்பி. ஸ்கேன் செய்த பக்கத்தில் 'ழ' எது, 'மு' எது என்று கண்டுபிடிக்கும் டெசராக்ட், எச்.பி. ஆய்வகத்தில் 1980களில் பிறந்தது. 2005இல் திறமூலம் ஆனது. பிறகு கூகுளும் அதை வளர்த்தது. மொழிக்கு 'டி-ஏ-எம்' என்று மூன்றெழுத்து கொடுத்தால் தமிழ்ப் பக்கத்தை உரையாக்கித் தரும். உன் செமஸ்டர் எத்தனை வருஷம்?

ஐ.டி. ஊழியர், திருவான்மியூர்: நான் வெளி ப்ரோக்ராம் எதையும் தொடுவதே இல்லை. பைடெசராக்ட் லைப்ரரி மட்டும்தான்.

அதன் சோர்ஸைத் திறந்து பாருங்கள். உங்கள் படத்தைத் தற்காலிக ஃபைலாக எழுதி, சப்ப்ராசஸ் வழியாக டெசராக்ட் கமாண்டைக் கிளப்பி, வந்த விடையைப் படித்து உங்களிடம் நீட்டுகிறது. நீங்கள் கூப்பிடவில்லை, ஆள் வைத்துக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

வாசகர், லஸ் கார்னர்: ஓஎஸ்.சிஸ்டம் ஒரே வரியில் முடிகிறது. சப்ப்ராசஸ் எதற்கு?

நடுவில் ஷெல் என்று ஒரு புரோக்கர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் சொன்னதை அப்படியே கடத்தமாட்டார். இடைவெளி கண்டால் வெட்டுவார், அரைப்புள்ளி கண்டால் புதுக் கமாண்ட் என்பார், டாலர் குறி கண்டால் மாறியைத் தேடிப் போவார். 'பரிபாடல் உரை.பிடிஎஃப்' என்ற ஒரே ஃபைல் அவர் கையில் 'பரிபாடல்', 'உரை.பிடிஎஃப்' என்று இரண்டாகும். இரண்டுமே டிஸ்க்கில் கிடையாது.

ஃபைலுக்குப் பெயர் வைத்தது ஊர் பேர் தெரியாத ஆள் என்றால் இன்னும் மோசம். பெயருக்கு நடுவே அரைப்புள்ளி, அதற்குப் பின்னால் அழிக்கும் கமாண்ட். புரோக்கர் அதையும் முடித்துக் கொடுத்துவிடுவார்.

சப்ப்ராசஸில் பட்டியலாகக் கொடுங்கள்: கமாண்ட் ஓர் உருப்படி, ஃபைல் பெயர் ஓர் உருப்படி. லினக்ஸில் ஷெல்லைத் தொடாமல் நேரே கர்னலுக்குப் போகும். இந்த மாட்யூல் 2004இல் பைத்தான் 2.4உடன் வந்தது, அதில் 'ரன்' 2015இல் 3.5உடன் வந்தது. அதுவும் ஒரே வரிதான்.

டெவலப்பர், பாண்டி பஜார்: பட்டியல் கொடுத்து, கூடவே 'ஷெல்=ட்ரூ'வும் போட்டேன். எரர் இல்லாமல் ஓடியது!

எது ஓடியது? லினக்ஸில் இரண்டும் சேர்ந்தால் பட்டியலின் முதல் உருப்படி மட்டுமே கமாண்ட். மிச்சமெல்லாம் ஷெல்லுக்குப் போய்விடும். 'எல்எஸ்'ஸுக்கு ஒரு ஃபோல்டர் பெயர் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் நிற்கும் ஃபோல்டரைத்தான் காட்டும்.

மாணவி, கிண்டி: ஷெல்லைப் பார்த்து இவ்வளவு பயம் வேண்டுமா?

2014 செப்டம்பரைத் தேடிப் படியுங்கள், அம்மா. ஷெல்ஷாக். சூழல் மாறியில் ஒரு ஃபங்ஷன், அதன் வாலில் ஒரு கமாண்ட். பாஷ் என்ற ஷெல் வாலையும் சேர்த்து ஓட்டியது. கால் நூற்றாண்டாக உள்ளேயே இருந்த ஓட்டை அது.

வெப் டிசைனர், ஆழ்வார்பேட்டை: பிஎச்பியில் 'எஸ்கேப்ஷெல்ஆர்க்' போட்டுப் பாதுகாப்பாகத்தான் எழுதினேன். இங்கிலீஷ் பெயர் ஃபைல்கள் ஓடுகின்றன, தமிழ்ப் பெயர் ஃபைல்களைக் காணோம் என்கிறது.

லொகேல் 'சி' என்று இருக்கிறது, அதுதான் வினை. அந்த நிலையில் அந்த ஃபங்ஷன் ஆஸ்கிக்கு வெளியே உள்ள பைட்டுகளைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிடும். 'அகநானூறு.பிடிஎஃப்' கொடுத்தால் வெறும் '.பிடிஎஃப்' மிஞ்சும். நானூறு பாட்டும் போச்சு, புள்ளி மட்டும் பாக்கி. 'செட்லொகேல்' மூலம் எல்சி_சிடைப்பை யுடிஎஃப்-8க்கு மாற்றுங்கள். தமிழில் ஃபைல் பெயர் வைப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள், தப்பு உங்கள் பேரில் இல்லை.

வாசகர், மாம்பலம்: ஓஎஸ்.சிஸ்டம் 256 என்கிறது. அப்படி ஒரு பிழை எண்ணை எங்கேயும் காணோமே?

256ஆல் வகுங்கள். பிழை எண் 1. லினக்ஸ் அதை எட்டு பிட் தள்ளி வைத்துத் தருகிறது. ஷெல்லில் 127 வந்தால் கமாண்டே கிடைக்கவில்லை, 137 வந்தால் யாரோ கொன்றுவிட்டார்கள். பூஜ்யம் வாங்கினால் பாஸ்.

ஆராய்ச்சி மாணவர், அடையாறு: பத்துப் பக்கம் கொடுத்தால் ஓடுகிறது. ஆயிரம் பக்கம் கொடுத்தால் அப்படியே உறைந்துவிடுகிறது. ராம் போதவில்லையா?

ராமைப் பழிக்காதீர்கள், பைப்பைப் பாருங்கள். லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 64 கிலோபைட் கொள்ளும். பாப்பெனில் பைப்பைத் திறந்துவிட்டு, படிக்காமல் 'வெயிட்' போட்டிருப்பீர்கள். பைப் நிரம்பியதும் பிள்ளை ப்ராசஸ் எழுத இடமில்லாமல் நிற்கும். பிள்ளை முடிக்கட்டும் என்று உங்கள் ஸ்கிரிப்ட் நிற்கும். 'வெயிட்'டை எடுத்துவிட்டு 'கம்யூனிகேட்' போடுங்கள். குடும்பத்தில் பேச்சு இருந்தால் போதும்.

நூலகர், கோட்டூர்புரம்: இதனால் தமிழுக்கு என்ன லாபம்?

பதில் உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. அங்கே உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்திலிருந்து நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன்கள் விக்கிமூலத்துக்கு வந்தன. ஆயிரக்கணக்கில் புத்தகங்கள், எல்லாம் வெறும் படங்கள். ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. 'கணியம்' மின்னிதழின் த. சீனிவாசன் 'ஓசிஆர்4விக்கிசோர்ஸ்' என்று ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினார். பிடிஎஃப்பைப் பக்கம் பக்கமாகப் பிரிக்க லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் கருவியைக் கூப்பிடும். பக்கங்களைக் கூகுள் டிரைவின் ஓசிஆருக்கு அனுப்பும், வந்த உரையை விக்கிமூலத்தில் ஏற்றும். எழுத்தைப் படிப்பவர் ஒருவர், பக்கம் பிரிப்பவர் ஒருவர். ஸ்கிரிப்டின் வேலை யாரை எப்போது கூப்பிடுவது என்பது மட்டுமே. படமாகக் கிடந்த தமிழ் உரையாக எழுந்து உட்கார்ந்தது.

மெய்ப்புப் பார்க்க எந்த ப்ரோக்ராமையும் கூப்பிட முடியாது. அதற்குக் கண் வேண்டும். உங்கள் கண்ணைக் கொடுங்கள், நாளைக்கு ஒரு பக்கமாவது.

புதியவர், வேளச்சேரி: இதெல்லாம் எந்த கோர்ஸில் சொல்லித் தருகிறார்கள்?

சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐஐடிக்குள், கஜேந்திரா சர்க்கிள் பக்கம், ஏரோஸ்பேஸ் வகுப்பறையில் பல வருஷம் கூடியது. ஃபீஸ் கிடையாது, சர்டிஃபிகேட்டும் கிடையாது. தெரிந்தவர் சொன்னார், தெரியாதவர் கேட்டார்.

வாசகர், ராயப்பேட்டை: '-ஆர்' என்று ஃபைலுக்குப் பெயர் வைத்துவிட்டான் என் தம்பி. பட்டியலாகக் கொடுத்தும் அழிக்க முடியவில்லை.

பட்டியல் ஷெல்லிடமிருந்து காப்பாற்றும், தம்பியிடமிருந்து காப்பாற்றாது. பெயருக்கு முன்னால் தனி உருப்படியாக இரண்டு கோடு போடுங்கள். அதற்குப் பிறகு வருவது ஆப்ஷன் இல்லை என்று கமாண்ட் புரிந்துகொள்ளும்.

வாசகி, நந்தனம்: டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட், ராத்திரி கிரானில் மட்டும் 'கமாண்ட் இல்லை' என்கிறது.

கிரானுக்குக் கிடைக்கும் பாத் குட்டியானது, உங்கள் டெர்மினலின் பாத் அதற்குத் தெரியாது. 'விச் டெசராக்ட்' என்று அடியுங்கள், வரும் முழுப் பாதையை ஸ்கிரிப்டில் எழுதுங்கள். கூடவே 'டைம்அவுட்'டும் 'செக்=ட்ரூ'வும் போட்டு வையுங்கள். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் நள்ளிரவிலேயே கத்திவிடும், காலையில் பாதிப் புத்தகத்தைப் பார்த்து நீங்கள் கத்த வேண்டியதில்லை.