தலையெண் இயல்: தொலேடோவை முன்வைத்து ஓர் ஆய்வு

பள்ளிச் சுற்றுலாவைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் போன ஊரைப் பற்றியே எழுதுகின்றனர். போன பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடந்தவரைப் பற்றி எழுதுவாரில்லை. அக்குறை நீக்குதலே இக்கட்டுரையின் பயன் என்க.

ஆய்வுக்களம் ஸ்பெயினின் தொலேடோ. காரணம் இரண்டு. மாட்ரிட்டிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காலையில் கிளம்பிய வகுப்பு இருட்டுமுன் வீடு சேரலாம். இரண்டாவது, தொலைந்துபோக அதைவிடத் தோதான ஊர் அரிது. பெயரின் தலையிலேயே ‘தொலே’ என்றிருப்பது தற்செயல் என்பர் சொற்பிறப்பியலார், ரோமர் காலத்து ‘தொலேத்தும்’ என்ற பெயரைக் காட்டி. இவ்வாய்வாளர் அதை ஒப்பவில்லை.

மூன்று பக்கமும் தாஹோ ஆறு வளைத்த குன்றின்மேல் ஊர். ரோமர், விசிகோத்தியர், அராபியர் எனப் பலர் ஆண்டபின் 1085-இல் அரசர் ஆறாம் அல்போன்சோ கைப்பற்றினார். 1561-இல் இரண்டாம் பிலிப் அரசவையை மாட்ரிட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ஊர் பெருகவில்லை, கோணல் சந்துகள் அப்படியே தங்கிவிட்டன. பிலிப் செய்த வினையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியை இன்று அனுபவிக்கிறார்.

இத்தகைய ஊரில் பிள்ளைகளை எண்ணும் தலையெண் மூவகைப்படும்: பேருந்தெண், சந்தெண், பதற்றெண்.

பேருந்தெண்ணாவது, உட்கார்ந்த தலைகளை எண்ணுவது. பிழை வராது. அலுமினியத் தாளில் அம்மா சுற்றித் தந்த முட்டை-உருளைக்கிழங்கு ரொட்டியைக் காலை ஒன்பது மணிக்கே குனிந்து பிரிப்பவன் மட்டும் விடுபடுவான்.

சந்தெண்ணாவது, நடக்கும் தலைகளை எண்ணுவது. சந்துக்குள் நுழைந்ததும் வகுப்பு நூலாக நீளும். தலை, 1226-இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் வாசலில் நிற்கும். வால், வாள்கடையில் நிற்கும். தொலேடோ எஃகு ரோமர் காலந்தொட்டுப் பேர்பெற்றது. வாளுக்குக் காசு போதாதவன், கடித உறை கிழிக்கும் குட்டிவாளுக்கு விலை கேட்பான். அவனுக்குக் கடிதம் எழுதுவார் எவருமில்லை என்பது அறிக.

பதற்றெண்ணாவது, ஒன்று குறையும்போது மறுபடி மறுபடி எண்ணுவது. “ப்ரொஃபே, நான் இங்கதான் இருக்கேன்!” என்று ஆசிரியையை விளித்துக் குரல் மட்டும் வரும்.

அற்றேல், தலையெண்ணுக்கு ஏற்ற இடமே அவ்வூரில் இல்லையோ எனின், உண்டு. சாந்தோ தோமே தேவாலயத்தில் எல் கிரேக்கோ தீட்டிய ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ என்னும் ஓவியம். கருப்புடைக் கனவான்கள் வரிசையாக நிற்கின்றனர். கழுத்தைச் சுற்றிய வெள்ளை மடிப்புப் பட்டை ஒவ்வொரு தலையையும் தட்டில் வைத்தாற்போல் தனித்துக் காட்டுகிறது; எண்ணுவதற்கென்றே தைத்த உடை. ஆசிரியை தம்மை மறந்து அத்தலைகளையும் எண்ணத் தொடங்குவார். கீழே இடப்பக்கம் ஒரு சிறுவன், ஓவியரின் மகன் ஹோர்ஹே மானுவேல். சட்டைப்பையில் தொங்கும் கைக்குட்டையில் அவன் பிறந்த 1578 எழுதியிருக்கிறது. ஓவிய வேலை தொடங்கிய 1586-இல் அவனுக்கு வயது எட்டு. புனிதர் இருவர் வானிலிருந்து இறங்கிவந்து பிரபுவை அடக்கம் செய்யும் அற்புதம் பக்கத்திலேயே நடக்க, அவன் அதைப் பாராமல் நம்மைப் பார்க்கிறான். பள்ளிச் சுற்றுலாவில் வந்த பிள்ளைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

முடிபு: மாணவர் தொலேடோவைப் பார்த்துவிட்டு வருவர், ஆசிரியை மாணவரைப் பார்த்துவிட்டு வருவார். ஆகவே பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். அனுமதிச் சீட்டில் கையெழுத்திடும்போது ஆசிரியைக்கும் ஒரு ரொட்டி சுற்றிக் கொடுத்தனுப்புங்கள். அவர் இன்னும் சாப்பிடவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறார்.