புத்தூர் போகாத கை

திருத்தணியில் கையில் கட்டோடு தெருவில் இறங்கினால் யாரும் "என்ன ஆச்சு?" என்று கேட்பதில்லை. "புத்தூர் போனீங்களா?" என்றுதான் கேட்பார்கள். நகரியைத் தாண்டினால் புத்தூர். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, மேலே துணி என்று எலும்பு முறிவுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்போடும் ஊர். தமிழ்நாட்டின் எந்த மூலையில் 'புத்தூர் கட்டு' என்று போர்டு தொங்கினாலும் மூலஸ்தானம் அதுதான். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, இரண்டு கையிலும் அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை தோல் நிறத்தில் ஓர் இறுக்கமான உறையை மாட்டிக்கொண்டு, "இது சென்னையில போட்டது" என்றால் ஊர் எப்படித் தாங்கும்?

எலும்பு முறிந்திருந்தால் பெருமையாகவே சொல்லியிருப்பேன். எனக்கு நடந்தது லைப்போசக்‌ஷன். கைச் சதையில் குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது.

எல்லாம் நாத்தனார் மகள் கல்யாண வீடியோவால் வந்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நான் ஆரத்தி சுற்றுகிறேன். தட்டு ஒரு சுற்று வருவதற்குள் என் கைச் சதை ஒன்றரைச் சுற்று வந்துவிடுகிறது. வீடியோக்காரர் அந்த இடத்தை மட்டும் ஸ்லோமோஷனில் ஓடவிட்டு, பின்னால் நாதஸ்வரமும் சேர்த்திருந்தார்.

சாப்பாட்டைக் குறைக்கலாமே என்பீர்கள். எங்கள் ஊர் முருகன், முத்துசுவாமி தீட்சிதர் முன்னால் கிழவராக வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு போட்டவர். அதிலிருந்து தீட்சிதருக்குக் கீர்த்தனை வந்தது. எங்களுக்குக் கற்கண்டு மட்டும் வந்தது. மலைப்படி ஏறியும் பார்த்தேன். கால் இளைத்தது. உடம்பு கொழுப்பை எங்கிருந்து கரைக்கிறது என்பது நம் விருப்பத்தில் இல்லை. கையை ஆட்டினால் கை இளைக்கும் என்பதெல்லாம் ஜிம் நடத்துகிறவர்களின் நம்பிக்கை.

ஊருக்கு என்ன சொல்வது என்று வீட்டில் ஆலோசனை நடந்தது. "படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடு" என்றார் கணவர். வேறு ஊராக இருந்தால் இந்தப் பொய் எடுபட்டிருக்கும். இங்கே மலைக்கு 365 படி, வருஷத்தில் நாளைக்கு ஒன்று. எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்ட முதல் கேள்வியே, "எந்தப் படி?"

"பாதிக்கு மேல இருக்கும் பெரியம்மா."

அவர் விரல்விட்டு எண்ணினார். அதுவும் ஜனவரியிலிருந்து. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழா டிசம்பர் 31 ராத்திரிதானே நடக்கிறது, அதனால் படிக்கு இங்கிலீஷ் கணக்கு. "அப்ப ஆடி மாசப் படி. கிருத்திகைக்குக் காவடி நேர்ந்துக்கிட்டு எடுக்காம விட்டிருக்கே. அதான் ரெண்டு கையையும் பார்த்துட்டான்." சாயங்காலத்துக்குள் எனக்குப் பாக்கிக் காவடி இருப்பது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா மலையிலிருந்து சுவாமி சந்தனம் வாங்கிவந்தாள். இங்கே அதை நெற்றியில் இடுவதில்லை, தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். ஆன்டிபயாடிக்கும் சந்தனமும் மாறி மாறி உள்ளே போயின.

இந்த உறிஞ்சும் வித்தைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1977-ல் பாரிஸில் ஒரு பெண், முதுகுக் கொழுப்புக்கட்டியைத் தழும்பு தெரியாமல் எடுக்க முடியுமா என்று கேட்க, இல்லூஸ் என்ற மருத்துவர் மழுங்கிய முனைக் குழாயை விட்டு உறிஞ்சி எடுத்தார். பத்து வருஷம் கழித்து, கலிஃபோர்னியாவில் ஜெஃப்ரி கிளைன் என்ற தோல் மருத்துவர், உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தும் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்து முதலில் சதைக்குள் ஏற்றிவிட்டு, ஊறியபின் உறிஞ்சலாம் என்று எழுதினார். ரத்தச் சேதம் வெகுவாகக் குறைந்தது. மகான். ஆனால் ஏற்றிய நீர் எல்லாம் மருத்துவமனையிலேயே வெளியே வந்துவிடாது என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். முழங்கைப் பக்கம் பொட்டளவு துளை. அதன் வழியாக ராத்திரி முழுக்க ரோஸ்மில்க் நிறத்தில் கசிந்தது. கணவரின் பழைய வேட்டிகள் ஒவ்வொன்றாக என் கைக்கு அடியில் உயிரை விட்டன. விரல்கள் வீங்கின, வளையல் ஏறவில்லை. கையைத் தூக்க முடியாததால் தலை பின்னும் வேலை கணவருக்குப் போனது. இத்தனை வருஷத்தில் பின்னலுக்கு மூன்று கால் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

உறையை ஆறு வாரம் கழற்றக் கூடாது, குளிக்கும்போது தவிர. மாதமோ மே. தினமும் செய்தியில் 'சதமடித்த இடங்கள்' என்று வேலூருக்குப் பக்கத்தில் திருத்தணியையும் சேர்த்து வாசிக்கிற மாதம். நான் அந்தச் சதத்தை முழுக்கை போட்டுக்கொண்டு ஆடினேன். உள்ளே அரிப்பு. ஆனால் தோல் மரத்துக் கிடந்ததால் சொறிந்தாலும் சொறிந்த சுகம் இல்லை. அரிக்கிற இடம் என்னுடையது, சொறிகிற இடம் யாருடையதோ.

நகரியிலிருந்து சின்ன மாமியார் போன் செய்தார். அவர் ஒருத்தரிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தோம். "ஏமைந்தி அம்மா?" என்று அன்பாகத்தான் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே ஆர்த்தி அகர்வாலுக்கு வந்துவிட்டார். தெலுங்குப் படங்களில் கொடிகட்டிப் பறந்த அந்தப் பெண், 2015-ல் அமெரிக்காவில் கொழுப்பு நீக்கும் சிகிச்சை செய்துகொண்டு சில வாரங்களில், 31 வயதில் போய்விட்டாள். சின்ன மாமியார் சொன்னதில் தப்பில்லை. நான் ஆப்பரேஷனுக்கு முந்தின வாரம் சொல்லியிருக்கலாம்.

வீக்கம் வடிய வடியத்தான் விஷயம் வெளியே வந்தது. இடது கை சொன்னபடி கேட்டிருந்தது. வலது கையில் முழங்கைக்கு மேலே ஒரு மேடு, அதை ஒட்டி ஒரு குழி. பூஜை அறையில் ஆறுமுகன் காலண்டர். பன்னிரண்டு கை, அத்தனையும் ஒரே அளவு. எனக்கு இருப்பதே இரண்டு. கணவர் இன்ச் டேப்போடு மத்தியஸ்தத்துக்கு வந்தார். இந்த ஊர் மத்தியஸ்தம் பார்த்த ஊர்தான். ஆந்திராவோடு வந்த எல்லைத் தகராறில் ம.பொ.சி. போராடி, நடுவர் படாஸ்கர் கணக்குப் போட்டு, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இந்தப் பக்கமும் சத்தியவேடு அந்தப் பக்கமுமாகப் பிரிந்தன. அதற்கே சில வருஷங்கள்தான் ஆயின. எங்கள் வீட்டு எல்லைத் தகராறு காலையில் ஒரு அளவு, ராத்திரி ஒரு அளவு என்று முடியாமல் போனது. டேப்பை எங்கே வைத்து இழுப்பது என்பதிலேயே இரண்டு கட்சி.

டாக்டர் அசரவில்லை. "வலது கை வேலை செய்யற கை, வீக்கம் மெதுவாத்தான் வடியும். ஆறு மாசம் முடியாம எதுவும் சொல்ல முடியாது" என்றார். அதுவரை மேட்டை அமுக்கி மசாஜ் செய்யச் சொன்னார். ஆறு மாதம் கழித்துப் போனபோது மேடு அமுங்கியிருந்தது. குழி இருந்தது. "வேற இடத்துல கொழுப்பு எடுத்து இதுல நிரப்பிடலாம்" என்றார். எடுத்ததற்கு ஒரு பில், போடுவதற்கு ஒரு பில். இரண்டுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஏனென்றால் அழகுக்காகச் செய்வது வைத்தியக் கணக்கில் வராது. அதே காரணத்துக்காக இன்ஷூரன்ஸும் கையை விரித்துவிடும். அவர்களுக்கு இரண்டு கையும் சமமாக விரிகிறது.

புது அளவு கொடுக்க ஜாக்கெட் தைப்பவரிடம் போனேன். மனுஷன் இருபது வருஷமாக எனக்குத் தைக்கிறார். கூச்சத்தோடு, "அண்ணே, ரெண்டு கையும் தனித்தனியா அளவெடுங்க" என்றேன். அவர் நிமிரவே இல்லை.

"எப்பவும் அப்படித்தானேம்மா எடுக்கறேன். உங்களுக்கு வலது கை எப்பவும் கால் இன்ச் கூட. ஊர்ல எல்லாருக்குமே ஏதாவது ஒரு கை கூடத்தான். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்றதில்ல."

பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். நீல மையில் என் பெயர், கீழே வ.கை, இ.கை, இரண்டு எண்கள். கால் இன்ச் வித்தியாசம். இன்று அளந்ததும் அதே கால் இன்ச். மொத்தச் சுற்றளவு குறைந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆரத்தித் தட்டும் இப்போது தனியாகத்தான் சுற்றுகிறது. பாக்கி அந்தக் குழி. அதை நான், கணவர், டாக்டர் தவிர யாரும் பார்த்ததில்லை, நானாகக் கையைத் திருப்பிக் காட்டினால் ஒழிய. இதுவரை நிறையப் பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

குழியை நிரப்பப் போவதில்லை. காவடி மட்டும் எடுக்க வேண்டியிருக்கும். பெரியம்மா வருகிற ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

செய்துகொள்ள நினைக்கிறவர்கள் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மயக்க மருந்து நிபுணர் கூட இருப்பாரா என்று விசாரியுங்கள். போவதற்கு முன்னால் உங்கள் தையல்காரரிடம் இரண்டு கை அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மே மாதம் மட்டும் வேண்டாம். வீடு திருத்தணியில் என்றால் மார்கழிக்குத் தள்ளிப் போடுங்கள்.