தாமோதரனைத் தொலைப்பது எப்படி?

தாமல் கிராமத்தில் இருந்து பொறியியல் கல்லூரிக்கு பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு என்றைக்காவது இந்தக் கேள்வி வராமல் போகாது. "கம்ப்யூட்டர்தானே படிக்கிற? பால் சங்கத்துக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதிக் குடுப்பா." கேட்பவர் மாமா முறை. முடியாது என்று சொல்ல வழியில்லை. ஆனால் எழுதும் விதத்தில் எழுதினால் அடுத்த முறை யாரும் கேட்க மாட்டார்கள். ஊற்றிய பாலும் ஊற்றிய ஆளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் எதிரி, உறுப்பினர் எண். விடியற்காலையில் கேனோடு வரும் அம்மா தன் பெயரைச் சொல்வதில்லை, "நாப்பத்தஞ்சு" என்கிறார். நோட்டில் 45-க்கு நேராக லிட்டரும் கொழுப்பும் ஏறிவிடுகின்றன. அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. அது மாறாது, இன்னொருவருக்கும் போகாது. இதை வைத்துக்கொண்டு எந்தப் பதிவையும் தொலைக்க முடியாது. எனவே பெயரையே சாவியாக, அதாவது பதிவைத் தேடும் அடையாளமாக, வையுங்கள். தாமோதரப் பெருமாள் கோயில் கொண்ட ஊரில் தாமோதரன்களுக்கா பஞ்சம்? சாவியைக் கொடுத்தால் பதிவை எடுத்துத் தரும் ஜாவா மொழியின் ஹாஷ்மேப் இந்த விஷயத்தில் பரம சாது. ஏற்கெனவே உள்ள சாவியில் இன்னொரு பதிவைப் போட்டால் ஏன் என்று கேட்காது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடும். மேலத்தெரு தாமோதரன் ஊற்றிய எட்டு லிட்டர், கீழத்தெரு தாமோதரன் ஒரு லிட்டர் ஊற்றியதும் காலி. வெளியே எடுத்த பழைய பதிவை, பதிவு போடும் 'புட்' உங்கள் கையிலேயே திருப்பித் தரும். தப்பித்தவறி அதை வாங்கிப் பார்த்துவிடாதீர்கள்.

பெயர் சரிப்படாது என்று யாராவது அடம்பிடித்தால் செல்பேசி எண்ணுக்கு மாறுங்கள். அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே எண் இருக்கும், ரீசார்ஜ் ஆஃபர் முடிந்ததும் அதுவும் மாறும். இதைவிடக் கௌரவமானது நிலத்தின் புல எண். 45/2 என்பது பக்கத்து ஊரிலும் இருக்கும். பாகப்பிரிவினை ஆனால் அது 45/2ஏ, 45/2பி என்று உடையும். கூட்டுப் பட்டா என்றால் அண்ணன் தம்பி நால்வருக்கும் ஒரே எண். மாடு யாருடையது என்று அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

இனி கொஞ்சம் தேர்ந்த கைகளுக்கு. 'உறுப்பினர்' என்று ஒரு கிளாஸ் எழுதி அந்த ஆப்ஜெக்டையே சாவியாக்குங்கள். பதிவு எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று காட்டும் ஹாஷ்கோட் கணக்கில் இனிஷியலையும் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஒருநாள் ஒருவர் ரேஷன் கார்டோடு வந்து இனிஷியலைத் திருத்தச் சொல்வார். மேப்பில் இருக்கும் அதே ஆப்ஜெக்டில் திருத்துங்கள். பதிவு பழைய ஹாஷ் காட்டிய பெட்டியிலேயே கிடக்கும், தேடல் புது ஹாஷ் காட்டும் பெட்டிக்குப் போகும். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் அவரையும் சேர்த்துச் சரியாகச் சொல்லும். அவரைக் கொடு என்றால் 'நல்', அதாவது ஒன்றுமில்லை. தணிக்கைக்கு வருபவரிடம் மொத்தத்தை மட்டும் காட்டுங்கள்.

நேரமில்லாதவர்கள் சாவியை லாங் என்ற எண் வகையில் போட்டுவிட்டு இன்டிஜர் என்ற வேறு வகையில் தேடலாம். உள்ளே 45 இருக்கும், கேட்டால் 45 கிடைக்காது. தேடித் தரும் 'கெட்' எந்த ஆப்ஜெக்டைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் என்பதால் கம்பைலரும் வாய் திறக்காது.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் பழகும் காலத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் போகாதீர்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, கெட்ட உதாரணமாக நிற்கின்றன. ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, வாரியங்களுக்குத் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வாயோலை போட்டுத்தான் குடத்தில் இட்டிருக்கிறார்கள். முதலில் கட்டு, பிறகு அதற்குள் ஓலை. ஹாஷ்மேப் செய்வதும் இதே இரண்டு படி வேலைதான். 16 பெட்டியோடு தொடங்கும்போது 17, 33, 49 மூன்றும் ஒரே பெட்டியில் விழும். அங்கே ஈக்வல்ஸ்தான் ஆளை அடையாளம் பார்க்கும். உத்திரமேரூர்க்காரர்கள் ஒரு படி மேலே போய், எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்க வேண்டும், சபையில் உரக்கப் படிக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் இப்படித்தான் வந்தார்கள். குடவோலையைத் தேர்தல் என்று கொண்டாடுகிறோம், சரிதான். எனக்கு அதில் அதிகம் பிடிப்பது ஓலையைக் கையாண்ட ஒழுங்கு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது என்று வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதியிருந்தால் உங்கள் சித்தப்பாவுக்கும் பதவி போயிருக்கும்.

இத்தனை சொல்லியும் சங்கம் உறுப்பினர் எண்ணை விடமாட்டேன் என்றால் மனம் தளர வேண்டாம். மேப்பே வேண்டாம், எல்லோரையும் ஒரு அரேலிஸ்டில் போடுங்கள். எண்ணை இன்டிஜராக வைத்து, முதல் ஆளிலிருந்து வரிசையாக இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடுங்கள். ஈக்வல்ஸ் கூடவே கூடாது. அந்தக் குறி எண்ணின் மதிப்பைப் பார்ப்பதில்லை, இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று பார்க்கும். ஜாவா -128 முதல் 127 வரை உள்ள இன்டிஜர்களை முன்கூட்டியே செய்து வைத்து அதையே திரும்பத் திரும்பக் கொடுப்பதால், அதுவரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். மாமாவை உட்காரவைத்து 45-ஐத் தேடிக் காட்டுங்கள். 100-ஐத் தேடிக் காட்டுங்கள். டீ வாங்கித் தருவார், குடியுங்கள். 128-ஆவது உறுப்பினர் கேனோடு வந்து நிற்பதற்குள் உங்களுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கும்.