பரண் புராணம்

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை என்று 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அன்றைய தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊரே பதறியது. திருவள்ளூர் மணவாள நகரில் எங்கள் வீடு மட்டும் அசையவில்லை. இங்கே ஒருமுறை பயன்படுத்தும் பழக்கமும் கிடையாது, தூக்கி எறியும் பழக்கமும் கிடையாது.

ஓட்டல் குருமா வந்த டப்பாவில் இப்போது ரவை இருக்கிறது. அதற்குமுன் கடுகு இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் நாற்பது பை. பால் உறைக்கு அப்போதே அரசு விலக்கு கொடுத்துவிட்டதால், அதைக் கழுவிக் கொடியில் காயப்போடும் என் தொழிலுக்கு இடைஞ்சல் இல்லை.

பரண்தான் தனிச் சரித்திரம்.

"ஏங்க, இந்தச் சின்ன பின் சார்ஜர் எதுக்கு?"

"நோக்கியாவுக்கு."

"அந்த போன் எங்க?"

"தொலைஞ்சு போச்சு. யாராவது அதே போனோட வீட்டுக்கு வந்தா?"

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தன் ஆலையையே 2014 நவம்பர் 1-ல் நிறுத்திவிட்டது. நான் இன்னும் சேவையில் இருக்கிறேன்.

போகி வந்தால் எனக்குக் காய்ச்சல். 2018 போகிப் புகைமூட்டத்தில் சென்னைக்கு வந்த விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. அந்தப் புகையில் என் பங்கு ஒரு தென்னந்துடைப்பம், அதுவும் பாதி. மற்றபடி விடியற்காலையில் தெருவைச் சுற்றி வந்து, அடுத்த வீட்டார் எரிக்க வைத்திருந்த முக்காலியைக் காப்பாற்றிக் கொண்டுவந்தேன். போகி முடிந்தால் எல்லோர் வீட்டிலும் சாமான் குறையும். எங்கள் வீட்டில் ஒன்று கூடும்.

இந்த நோய் தீரக் கோயிலுக்கும் போய்ப் பார்த்தேன். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் போட்டால், அது கரைவதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. அமாவாசைக் கூட்டத்தில் முட்டிமோதிப் படி இறங்கி, கால் அச்சைக் கிள்ளிப் போட்டுவிட்டு, முக்கால் அச்சைப் பாயசத்துக்கு முடிந்து கொண்டுவந்தவனிடம் பெருமாள் என்ன செய்வார்?

போன வாரம் வீட்டுக்காரி பொறுக்காமல் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் தராசைத் தூக்கத் தூக்க, நான் ஒவ்வொன்றாகத் திரும்ப உருவிக்கொண்டிருந்தேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. பரணை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சாரும் நம்ம தொழில்தானா? கும்மிடிப்பூண்டியில இரும்பு உருக்கற கம்பெனிக்கு மொத்தமா எடுக்கறாங்க. நம்பர் தரவா?"

நம்பரை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்புறம் எழுதி, பரணில் போட்டேன்.