பதினாலு கொடுக்குதுங்க

கோயம்புத்தூரில் புது வண்டி வாங்கி வாசலில் நிறுத்தினால் விலையை விசாரிப்பவர்கள் குறைவு. "என்ன கொடுக்குதுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஐந்து பைசாவுக்கும் கணக்கெழுதிப் பழகிய ஊர். அங்கே மஹிந்திரா தார், அதுவும் பெட்ரோல், அதிலும் ஆட்டோமேட்டிக், நாலு சக்கரமும் இழுக்கிற மாடல் என்று வாங்கி நிறுத்துகிறவருக்கு நெஞ்சுரம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். அவர்தான் நம் தார்க்காரர்.

தூரத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும். கறுப்பு வண்டி, கறுப்புக் கண்ணாடி, கூரையில் கேரியர், முன்னால் வின்ச், பின்னால் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பார்த்திராத ஜெர்ரி கேன். சேற்றில் மாட்டினால் தோண்ட ஒரு மண்வெட்டியும் உண்டு. அதன் மேல் விலைச்சீட்டு இன்னும் கிழியவில்லை.

மைலேஜ் கேட்டால் அவரிடம் ஒரே பதில் கிடையாது. கேட்கும் ஆளைப் பொறுத்து எண் மாறும். ஆபீஸ் லிப்டில், "பன்னண்டு வருதுங்க." டீசல் கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஹைவேல பதினாலு கொடுக்குதுங்க." பெட்ரோல் பில்லைக் கண்ணால் பார்க்கிற மனைவியிடம் எண்ணே கிடையாது, "பரவால்ல" மட்டும். மைத்துனன் வந்து, "மாமா, சனிக்கிழமை ஊட்டிக்கு வண்டி கிடைக்குமா?" என்று இழுத்தால்தான் சத்தியம் வாயில் வரும். "எட்டுதான் மாப்ள கொடுக்குது. உனக்குக் கட்டுப்படியாகாது."

ஏன் எட்டு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், வகுப்பெடுத்துவிடுவார். வண்டியின் எடை ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன். பெட்ரோல் இன்ஜின் 2 லிட்டர், டர்போ, 150 குதிரைச் சக்தி. உருவமோ, நட்டுக்குத்தலாக நிறுத்திய பீரோவுக்குச் சக்கரம் கட்டிவிட்ட மாதிரி. காற்று அதன் மேல் வழுக்காது, மோதும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்று பேப்பரில் வரைந்தே காட்டுவார். இவ்வளவும் தெரிந்தவர் கூரையில் எதற்குக் கேரியர் மாட்டினார் என்று கேட்டால், "லுக்கு வேணுமில்லீங்க?" என்பார்.

கம்பெனி சொல்லும் கணக்கில் அவருக்கு நம்பிக்கையில்லை. "அந்தச் சோதனையில வண்டி ரோட்டுக்கே வர்றதில்லீங்க. ஆய்வுக்கூடத்துல உருளை மேல நிறுத்தி ஓட்டறாங்க. ஏசி போடறதில்ல. வேகம் தொண்ணூறைத் தாண்டறதில்ல. சிக்னல் கிடையாது, குறுக்கே ஆட்டோ கிடையாது, பின்னாடி உட்கார்ந்து 'மெதுவாப் போங்க'ன்னு சொல்ல ஆளும் கிடையாது." எல்லாம் நிஜம்தான். கடைசிக் குறை மட்டும் அவருடைய சொந்தச் சேர்க்கை.

மைலேஜ் இன்னும் ஏறாததற்குக் காரணங்களைத் தேதிவாரியாக வைத்திருக்கிறார். முதல் சர்வீஸ் முடிந்தால் ஏறும் என்றார். அது முடிந்ததும், இரண்டாவது சர்வீஸில் இன்ஜின் 'செட்' ஆகும் என்றார். அதற்குள் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்துவிட்டார்கள். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்று படித்த அன்று அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி, பெட்ரோல் விலை குறைந்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது. பிறகு பெரிய டயர் மாட்டினார். டயர் பெரிதானால் அதே தூரத்துக்குச் சுற்று குறையும், மீட்டரில் கிலோமீட்டரும் குறைந்து விழும். "அப்ப நிஜ மைலேஜ் இதுக்கு மேலங்க" என்று அதையும் வரவில் எழுதிக்கொண்டார்.

சரியாக அளக்க வழி இருக்கிறது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, தூரத்தை லிட்டரால் வகுத்தால் போதும். ஆனால் தாருக்கு டேங்க் 57 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்குக் குறையாமல் விற்கிற நாளில் காலி டேங்கை நிரப்ப ஐந்தாயிரத்து எழுநூறு ஆகிவிடும். ஆகவே பங்கில் அவர், "ரெண்டாயிரத்துக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். டேங்க் ஒருநாளும் நிரம்பியதில்லை; உண்மையும் ஒருநாளும் வெளிவந்ததில்லை.

அவிநாசி சாலையில் 2025இல் மேம்பாலம் திறந்தது அவருக்காகவே திறந்ததுபோல் ஆயிற்று. பத்து கிலோமீட்டர், ஒரு சிக்னல் கிடையாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏசியை அணைத்து, ஆக்சிலேட்டரைப் பெருவிரலால் மட்டும் தொட்டு, ஒரே சீராகப் போவார். திரையில் 14.1 என்று வரும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வார். அடுத்த ஞாயிறு வரை ஊருக்குச் சொல்லும் எண் அதுதான்.

காடு மேடெல்லாம் போகத்தானே இந்த வண்டி என்பீர்கள். போகிறாரே! வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறியிருக்கிறார். பக்கத்திலேயே அரசுப் பேருந்தும் ஏறிக்கொண்டிருந்தது. தரைக்கும் வண்டிக்கும் இடையே 226 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம் என்றெல்லாம் மனப்பாடம். மழை பிடித்தால் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்குமே என்று ஆவலாகக் கிளம்புவார். அவர் போய்ச் சேர்வதற்குள் போலீஸ்காரர் தடுப்பைப் போட்டுவிடுவார்.

பொள்ளாச்சிப் பக்கம் மாமனாருக்குத் தென்னந்தோப்பு. "மாப்ள, வந்தது வந்தீங்க, உர மூட்டை ரெண்டு கிடக்குது. வண்டியத் தோப்புக்குள்ள உடுங்க, போட்டுட்டு வந்தரலாம்" என்றார் பெரியவர்.

"மட்டை உரசிக் கோடு விழுந்துருமுங்க, மாமா. இப்பத்தான் கோட்டிங் அடிச்சேன்."

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்தார். நூறு சிசிகூட நிறையாத இன்ஜின். முன்னால் இரண்டு மூட்டை, பின்னால் மாப்பிள்ளை. வாய்க்கால் மேட்டில் ஏறி, சேற்றில் இறங்கி, பாத்தி வரப்பில் அரையடி அகலத்தில் ஓடி, தோப்பின் கோடியில் போய் நின்றது. பின்சீட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்த தார்க்காரர், வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கேள்வியைத் தானே கேட்டார்: "இது என்ன கொடுக்குதுங்க, மாமா?"

"அதை ஆரு பாத்தா? சந்தைக்குப் போறப்ப நூறு ரூபாய்க்கு ஊத்துவேன். அடுத்த சந்தை வரைக்கும் ஓடும்."

இப்போது அபார்ட்மெண்டில் தாருக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்எல் நிற்கிறது. ஆபீஸுக்கு, காய்கறிக்கு, டியூஷனுக்கு எல்லாம் அதுதான். நாலு லிட்டர் டேங்க் என்பதால் பயமில்லாமல் நிரப்பினார், ஓட்டினார், மறுபடி நிரப்பினார், காகிதத்தில் வகுத்தும் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தி, "அம்பத்தஞ்சு கொடுக்குதுங்க" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போய் மனைவியிடம் சொன்னார்: "தார்க்காரர் வாயால சொல்றாரு. பாதின்னு வெச்சுக்க."