முட்டிக்குக் கீல் போட்ட கதை

ஆண்டவன் முழங்காலைப் படைத்தபோது வரைபடம் எதையும் விட்டுவைக்கவில்லை. பின்னால் வந்த டாக்டர்கள் மடக்கிப் பார்த்தார்கள், நீட்டிப் பார்த்தார்கள், இது கதவுக் கீல் என்று தீர்மானித்துவிட்டார்கள். இந்த ஒரு தப்பான யூகத்திலிருந்து மீண்டு வர வைத்திய உலகத்துக்கு எண்பது வருஷம் பிடித்தது. அதற்குள் யானை, பன்றி, புழு, பல் டாக்டர், நெசவுத் தறி எல்லாம் கதைக்குள் வந்து போய்விட்டன.

முதலில் யானை. 1890 மே 20, பெர்லின். தெமிஸ்டோக்ளஸ் க்ளுக் என்ற சர்ஜன், காசநோய் அரித்துத் தின்ற ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் முழங்காலை எடுத்துவிட்டு, யானைத் தந்தத்தில் கடைந்த கீல் ஒன்றைப் பொருத்தினார். அந்தக் காலத்தில் பியானோ கட்டையும் பில்லியர்ட்ஸ் பந்தும் செய்த அதே தந்தம்தான். அது எலும்போடு ஒட்டி நிற்க வேண்டுமே? பைன் மரப் பிசின், நுரைக்கல் பொடி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மூன்றையும் குழைத்து ஒரு பசை. கொலுசுக்குள் அரக்கு ஊற்றுகிற நம் ஊர் ஆசாரி அன்று பெர்லினில் இருந்திருந்தால், பக்குவம் சரியில்லை என்று இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மூட்டு வேலை செய்தது. கொஞ்ச நாள். க்ளுக் உற்சாகமாகி இன்னும் சில மூட்டுகளை மாற்றினார். ஆனால் அவர் கீல் வைத்த இடமெல்லாம் காசநோய்க் கிருமி ஏற்கெனவே குடியிருந்த வீடு. வாடகைக்கு இருப்பவனைக் காலி பண்ணாமல் வீட்டுக்குப் புதுக் கதவு போட்டால் என்ன ஆகும்? சீழ் வைத்தது. தந்தத்தை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு பெர்லினிலேயே உலக மருத்துவ மாநாடு. க்ளுக் தன் சாதனையை அங்கே அரங்கேற்றத் துடித்தார். ஜெர்மன் சர்ஜன்களின் நாட்டாமையான எர்ன்ஸ்ட் வான் பெர்க்மன், எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்காதே என்கிற தோரணையில் குறுக்கே நின்றார். பெர்க்மனை வில்லனாக்குவது சுலபம். ஆனால் ஆபரேஷன் கருவிகளை நீராவியில் வேகவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். கிருமியின் குணம் தெரிந்த ஆள். பிற்பாடு க்ளுக்கே, காசநோய் மூட்டில் இந்த வேலை ஆகாது என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஐம்பது வருஷம், கீல் வேண்டாம், தேய்ந்த இரண்டு எலும்புக்கும் நடுவே எதையாவது சொருகி வைப்போம் என்ற சித்தாந்தம் ஆண்டது. தொடைச் சதையின் உறையை வைத்தார்கள். தோலை வைத்தார்கள். செலோஃபேன் தாளைக்கூட விடவில்லை. அமெரிக்காவில் வில்லியம் பேயர், பதப்படுத்திய பன்றி மூத்திரப்பையை வைத்தார். இதே பேயர்தான் முதல் உலகப்போரில் புழு நெளிந்த காயங்கள் சுத்தமாக ஆறுவதைப் பார்த்துவிட்டு, பின்னாளில் எலும்பில் சீழ் பிடித்த பிள்ளைகளுக்குப் புழுவை விட்டு வைத்தியம் பார்த்தவர். அவருடைய வார்டுக்குள் போகும்போது மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் போக வேண்டும். புழு பலித்தது, மூத்திரப்பை பலிக்கவில்லை.

1950-களில் கீல் திரும்ப வந்தது. ஸ்வீடனில் வால்டியஸ் முதலில் பிளாஸ்டிக்கிலும் பிறகு உலோகத்திலும், இங்கிலாந்தில் ஷியர்ஸ் எவர்சில்வரிலும் கீல் செய்தார்கள். பார்வைக்குப் பிரமாதம். ஆனால் முழங்கால் வெறுமனே மடங்குவதில்லை. தொடை எலும்பு கீழெலும்பின் மேல் உருண்டுகொண்டே வழுக்குகிறது. காலை முழுக்க நீட்டும்போது கீழ்க்கால் சற்றே வெளிப்பக்கம் திருகிக்கொள்கிறது. சந்தேகமிருந்தால் இப்போதே நீட்டிப் பாருங்கள். கீலுக்குத் திருகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் அந்தத் திருகல் முழுவதும், கீலின் தண்டு எலும்புக்குள் இறங்கியிருக்கும் இடத்தில் போய் மோதியது. தண்டு ஆட ஆரம்பித்தது. ஆடினதைப் பிடுங்கினால் பழையபடி ஆக்க எலும்பு மிச்சமில்லை. கீல் வைக்கவே அவ்வளவு எலும்பை வெட்டி எறிந்திருந்தார்கள். கடைசி வழி, காலை நேராக வைத்து இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்ட விடுவது. சினிமா தியேட்டரில் அப்படிக் கால் மடங்காதவருக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவர் பாடு திண்டாட்டம்தான்.

இந்த இடத்தில் இடுப்பு வந்து முழங்காலுக்குக் கைகொடுத்தது. பிரான்ஸில் ஜூடே சகோதரர்கள் 1946-லிருந்து பிளாஸ்டிக் இடுப்புப் பந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி வைத்துக்கொண்ட ஒருவர், முன்னால் குனியும்போதெல்லாம் இடுப்பிலிருந்து 'கிரீச்' என்று சத்தம் கிளம்பியதாம். வீட்டுக்கார அம்மாள் அவரோடு ஒரே அறையில் இருப்பதையே தவிர்த்தாராம். இதைக் கேள்விப்பட்ட இங்கிலாந்து சர்ஜன் ஜான் சார்ன்லி, குடும்பப் பிரச்சினையை விட்டுவிட்டு உராய்வுப் பிரச்சினையைப் பிடித்துக்கொண்டார். லங்காஷயரில் ரைட்டிங்டன் என்ற பழைய காசநோய் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு, தோசைக்கல் புகழ் டெஃப்லானில் இடுப்புக் கிண்ணம் செய்தார். சுமார் 300 பேருக்கு வைத்தார். இரண்டு மூன்று வருஷத்தில் டெஃப்லான் தேய்ந்து, தூள் சதைக்குள் இறங்கி, வைத்ததை எல்லாம் திரும்பத் திறக்கவேண்டி வந்தது. மனுஷன் நேர்மையானவர். அந்தப் பிளாஸ்டிக்கைத் தன் தொடையிலேயே ஏற்றிக்கொண்டு, கட்டி கிளம்புகிறதா என்று மாதக்கணக்கில் தடவிப் பார்த்திருக்கிறார். கிளம்பியது.

1962-ல் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். தறியில் போடும் பல்சக்கரங்களை விற்கிறவர். கையில் ஒரு புதுப் பிளாஸ்டிக் துண்டு, பெயர் பாலிஎத்திலீன். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்தார், தடம் விழுந்தது. இதெல்லாம் நேர விரயம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆனால் பட்டறைக்காரர் ஹாரி கிரேவன், ஐயா டென்மார்க் போயிருந்த நேரம் பார்த்து, அதை உரசும் இயந்திரத்தில் மாட்டிவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுக்கு இது மூன்று வாரத்திலும் தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி பேச்சு மூச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். இன்று முட்டி மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குள் இருக்கும் வெள்ளைத் தட்டு, இந்தத் தறிச் சக்கரத்தின் வம்சம்.

எலும்பில் ஒட்டுகிற சிமெண்ட்டும் இரவல்தான். பல்செட் செய்கிற அக்ரிலிக். மேலே பளபளக்கும் கோபால்ட்-குரோமியம் உலோகத்தையும் எலும்பு டாக்டர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். ஆக, முழங்காலில் முக்கால்வாசி பல்லாஸ்பத்திரிச் சரக்கு.

சார்ன்லியிடம் வேலை கற்க வந்தவர் கனடாவின் ஃபிராங்க் கன்ஸ்டன். டாக்டராவதற்கு முன் எஞ்சினியர். 1968-ல் கீலைத் தூக்கிக் கடாசினார். தொடை எலும்பின் இரு புடைப்புகளுக்கும் தனித்தனியே உலோக வளைவு, கீழே இரண்டு பிளாஸ்டிக் தடம். உருளட்டும், வழுக்கட்டும், முழங்கால் அதன் இஷ்டப்படி போகட்டும் என்று விட்டுவிட்டார். காப்புரிமைகூட வாங்கவில்லை, வீட்டில் என்ன சொன்னார்களோ. நான்கு துண்டையும் பிசகாமல் நேர்கோட்டில் வைப்பதுதான் சர்ஜன்களின் உயிரை எடுத்தது.

அந்தத் தலைவலியை நியூயார்க்கில் ஜான் இன்சாலும், எஞ்சினியர் பீட்டர் வாக்கரும், நம் நாட்டில் பிறந்த சித்தரஞ்சன் ராணாவத்தும் தீர்த்தார்கள். 1974 வாக்கில் வந்த அவர்களுடைய மூட்டில் மேலே ஒரே உலோகத் தொப்பி, கீழே ஒரே தட்டு, முட்டிச் சில்லுக்கும் ஒரு பிளாஸ்டிக் பொத்தான். வெட்டும் கலையில் இன்சால் பிடித்த பிடி முக்கியமானது. காலை நீட்டினாலும் மடக்கினாலும் இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி ஒரே அளவாக, நீள்சதுரமாக இருக்க வேண்டும். கால் வளைந்துபோனவர்களுக்கு ஒரு பக்கத் தசைநார் இழுத்துக்கொண்டு கிடக்கும். அதைத் தளர்த்திச் சமன் செய்த பிறகுதான் மூட்டு உள்ளே போகும். நீட்டும்போது கச்சிதமாகவும் மடக்கும்போது தொளதொளவென்றும் இருந்தால், அது மூட்டில்லை, பழைய கட்டில் கால்.

அதிலும் ஒரு குறை. மூட்டு 90 டிகிரிக்கு மேல் மடங்கத் தயங்கியது. 1978-ல் நடுவே ஒரு முளையும், அதில் வந்து முட்டுகிற ஒரு குறுக்குக் கட்டையும் சேர்த்து இன்னும் கொஞ்சம் மடங்கவைத்தார்கள். உடனே சில பேருக்குப் புது உபத்திரவம்: சில்லுக்கு மேலே முளைத்த தழும்புச் சதை, முளைக்காக விட்ட குழியில் சிக்கி, காலை நீட்டும்போது 'டொக்' என்று விடுபட்டது. கிரீச்சில் ஆரம்பித்தது டொக்கில் வந்து நின்றது.

2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாயின் இடது முழங்காலை மும்பையில் மாற்றியது இதே ராணாவத். அடுத்த ஜூனில் வலது. அதன் பிறகு என் பெரியம்மா, பிரதமரே பண்ணிக்கொண்டாரே என்று துணிந்து இரண்டு முட்டியையும் மாற்றிக்கொண்டாள். தையல் பிரித்த அன்று டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி: "சப்பணம் போட்டு உட்காரலாமா தம்பி?" நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஊரில் வரைந்த மூட்டு அது. தரையில் உட்கார வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டார். இப்போது வீட்டுப் பூஜை, சொந்தக்காரர் கல்யாணம் எங்கே என்றாலும் அவளுக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வருகிறது. உள்ளே பாலிஎத்திலீன், கீழே பாலிப்ரொப்பிலீன். ஐயர் ஹோமத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னால், "உருகிடும்" என்று நகர்த்திப் போட்டுக்கொள்கிறாள். எதைச் சொல்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை.